டவுன்ஹில் சைக்கிளில் பின் ஷாக் அளவை மாற்றியபின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மலைச்சரிவில் வேகமாக இறங்குவதற்கான டவுன்ஹில் சைக்கிளின் பழைய ஃப்ரேம் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைத்துவிடும். அதற்கு ஏற்ற ஷாக், அதாவது பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் பாகம்தான் கிடைக்காது. 9.5×3 அங்குலம், 8.75×2.75 அங்குலம் என்று வந்த அளவுகள் கடைகளிலிருந்து மெல்ல மறைந்துவிட்டன. 2016-ல் வந்த மெட்ரிக் அளவுகள்தான் இப்போது கைக்கு அகப்படுகின்றன. வேலூர், காட்பாடி, ஆற்காடு சைக்கிள் கடைகளில் எந்த டவுன்ஹில் ஷாக்கும் இருப்பில் இருப்பது அபூர்வம் என்பதால், இணையத்தில் "கிட்டத்தட்ட அதே அளவு" என்று ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். அந்தக் "கிட்டத்தட்ட"வில்தான் கோளாறு தொடங்குகிறது.

ரீபவுண்ட் குமிழை (அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தை மாற்றுவது) திருகுவதில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் நீளம், அடுத்து பொருத்தம், பிறகு ஸ்பிரிங், கடைசியில்தான் குமிழ். இந்த வரிசை மாறினால் ஒரு கோளாறை இன்னொன்றால் மூடி மறைத்துக்கொண்டே போவீர்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஷாக்கில் இரண்டு எண் அச்சிட்டிருக்கும். முதலாவது ஐ-டு-ஐ, அதாவது ஒரு கண்ணின் (முனையிலுள்ள போல்ட் துளை) நடுவிலிருந்து மறு கண்ணின் நடு வரை உள்ள நீளம். இரண்டாவது ஸ்ட்ரோக், தண்டு உள்ளே போகும் தூரம். அச்சிடாத மூன்றாவது எண் ஒன்று உண்டு: முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வரும் அமுங்கிய நீளம். பின் சக்கரம் எவ்வளவு மேலே வரலாம் என்று ஃப்ரேம் செய்தவர் வைத்த எல்லை அதுதான்.

200 மி.மீ. டிராவல் (பின் சக்கரம் மேலே எழும் மொத்தத் தூரம்) உள்ள ஒரு ஃப்ரேமை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய ஷாக் 9.5×3 அங்குலம், மில்லிமீட்டரில் 241×76. அமுங்கிய நீளம் 165. இதில் வேறு மூன்று ஷாக்கை மாட்டினால் என்ன ஆகும்?

230×65 போட்டால் 230-லிருந்து 65 போக, அதே 165. அடியில் எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் ஷாக் 11 மி.மீ. குட்டை என்பதால் சைக்கிள் நிற்கும்போதே பின்புறம் தாழ்ந்திருக்கும். டிராவல் சுமார் 170-க்கு இறங்கும்.

250×75 போட்டால் அமுங்கிய நீளம் 175. ஃப்ரேமின் எல்லைக்கு 10 மி.மீ. முன்னாலேயே ஷாக் நின்றுவிடும். அடியில் பாதுகாப்புதான், ஆனால் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

222×70, அதாவது 8.75×2.75, போட்டால் 152. எல்லையை 13 மி.மீ. தாண்டிப் போகும். சக்கரத்தில் அது 30 மி.மீ.க்கும் மேல். "சின்ன ஷாக்தானே, உட்காரும்" என்று விற்பவர் சொன்னாலும் இதை மாட்டவே கூடாது.

கணக்கு முடிந்ததும் வெறும் ஷாக் சோதனை. காயில் ஷாக் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் ஃப்ரேமில் மாட்டுங்கள். ஏர் ஷாக் என்றால் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இடையிடையே ஷாக்கை மெல்ல அமுக்கி எடுத்து, முழுவதும் இறக்குங்கள்; ஒரே மூச்சில் விட்டால் நெகட்டிவ் அறையில் (ஷாக்கை உள்நோக்கி இழுக்கும் சிறு காற்றறை) காற்று மாட்டிக்கொண்டு ஷாக்கை உள்ளே இழுத்துப் பிடித்துவிடும். பிறகு சக்கரம் மாட்டிய நிலையில், மேலிருந்து அடி வரை கையாலேயே அமுக்குங்கள். டயருக்கும் சீட் டியூபுக்கும் இடையில், டயருக்கும் சீட்டுக்கும் இடையில், லிங்க்குக்கும் (ஷாக்கைப் பின் சக்கரப் பகுதியோடு இணைக்கும் அசையும் கை) ஃப்ரேமுக்கும் இடையில், ஷாக்கின் பக்கவாட்டு ஆயில் டப்பாவுக்கும் டவுன் டியூபுக்கும் இடையில் விரல் விட்டுப் பாருங்கள். முழுக்க அமுங்கிய நிலையில் டயரைச் சுற்றிக் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி வேண்டும். வேகமாக இறங்கும்போது டயரும் ஃப்ரேமும் வளையும்; கையால் அமுக்கும்போது இருக்கும் இடைவெளி அப்போது இருக்காது. காயில் ஷாக்கின் அடியிலிருக்கும் ரப்பர் பம்பரைக் கையால் முழுக்க அமுக்க முடியாது. ஆகையால் பம்பர் தொட்ட இடத்திலிருந்து மீதி எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, சக்கரத்தில் அதன் இரண்டரை மடங்கு இன்னும் மேலே வரும் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய குதிப்பில் "டக்" என்று உலோகச் சத்தம். சீட் டியூபில் டயர் உரசிய கறுப்புத் தடம்

அமுங்கிய நீளம் போதவில்லை. ஸ்ட்ரோக் நீளமான ஷாக், குட்டையான ஐ-டு-ஐ, அல்லது கண்ணுக்குள் போடும், துளை மையம் விலகிய ஆஃப்செட் புஷ், இந்த மூன்றில் ஒன்று காரணம். ஆஃப்செட் புஷ்ஷைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹெட் ஆங்கிளை (முன் ஃபோர்க்கைத் தாங்கும் குழாயின் சாய்வு) சாய்க்க அதைப் போடுவார்கள். அது ஷாக்கை இரண்டு மூன்று மி.மீ. குட்டையாக்குவதற்குச் சமம். மேலே குறைந்தது அடியிலும் குறையும்.

இதற்கு இறுக்கமான ஸ்பிரிங் மருந்து அல்ல. இடிப்பது அபூர்வமாகுமே தவிர நிற்காது. நிற்காத அந்த ஒரு முறையில்தான் சீட் டியூபில் விரிசல் விழும். மெட்ரிக் ஷாக்குகள் பலவற்றில் உள்ளே 2.5 மி.மீ. ஸ்பேசர் சேர்த்து ஸ்ட்ரோக்கைக் குறைக்கலாம். 65-ஐ 62.5 ஆகவோ 60 ஆகவோ ஆக்குவது அப்படித்தான். இதற்கு ஷாக்கைத் திறக்க வேண்டியிருந்தால் சென்னைக்கோ பெங்களூருக்கோ சஸ்பென்ஷன் சர்வீஸுக்கு அனுப்புங்கள். மோட்டார் சைக்கிள் ஷாக் ரிப்பேர் செய்யும் இடத்தில் கொடுக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏற்றிய நைட்ரஜன் இருக்கிறது. அதை முறையாக இறக்காமல் மூடியைத் திருகினால் மூடி முகத்தில் பாயும்.

பெடல் பாறையில் இடிக்கிறது. அல்லது சைக்கிள் முன்னால் கவிழப் பார்க்கிறது

நம் பக்கத்துக் கரடுகள் முழுக்கக் கருங்கல் உருண்டைகள். ஜவ்வாது மலைச் சரிவிலும் மண்ணை விடப் பாறைதான் அதிகம் காலில் படும். இங்கே பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுழலும் அச்சு) 15 மி.மீ. தாழ்ந்தால் முதல் நாளே தெரிந்துவிடும்.

ஐ-டு-ஐயில் வந்த வித்தியாசத்தை லெவரேஜால் பெருக்குங்கள். லெவரேஜ் என்பது டிராவலை ஸ்ட்ரோக்கால் வகுத்தது: 200-ஐ 76-ஆல் வகுத்தால் 2.6. ஸ்ட்ரோக்கின் தொடக்கத்தில் பெரும்பாலான டவுன்ஹில் ஃப்ரேம்களில் இது இன்னும் சற்று அதிகம். எனவே 11 மி.மீ. குட்டையான ஷாக் பின் அச்சைச் சுமார் 30 மி.மீ. மேலே கொண்டுவரும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 19 மி.மீ. அளவுக்கு, பாட்டம் பிராக்கெட் தாழும். வீல்பேஸ் 1,220 மி.மீ. இருந்தால் ஹெட் ஆங்கிள் சுமார் 1.4 டிகிரி சாயும். 9 மி.மீ. நீளமான ஷாக்கில் இதெல்லாம் தலைகீழ்: பாட்டம் பிராக்கெட் 15 மி.மீ. உயரும், ஹெட் ஆங்கிள் ஒரு டிகிரி நிமிரும், செங்குத்தான இறக்கத்தில் கை மேல் பாரம் விழும்.

பெடல் முனையில் கீறல் புதிதாக வந்திருந்தால் தரையிலிருந்து பாட்டம் பிராக்கெட் நடு வரை டேப்பால் அளந்து பாருங்கள். பழைய ஷாக்கோடு அளந்து வைத்த எண் இருந்தால் நல்லது. எனவே கழற்றும் முன்னாலேயே அளந்து எழுதி வையுங்கள். 165 மி.மீ. கிராங்க் போட்டு ஐந்து மி.மீ. மீட்கலாம். லிங்க்கில் உயரம் மாற்றும் சிப் இருந்தால் அதைத் திருப்பலாம், ஆனால் திருப்பியபின் வெறும் ஷாக் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்த ஒட்டுவேலைகள் போதா, ஷாக் தவறு.

ஏறி நின்றதும் பாதி வரை இறங்கிவிடுகிறது. அல்லது இறங்கவே மாட்டேன் என்கிறது

பழைய ஷாக்கின் ஸ்பிரிங்கைப் புதியதில் போட்டவர்களுக்கு வரும் கோளாறு இது. ஆள் ஏறி நின்றதும் ஷாக் அமுங்கும் அளவை ஸேக் என்கிறோம். டவுன்ஹில்லில் அது ஸ்ட்ரோக்கில் 30 முதல் 35 சதவீதம் வேண்டும். ஹெல்மெட், பேட், தண்ணீர் எல்லாம் மாட்டிக்கொண்டு, இரண்டு பெடலிலும் இறங்கும் நிலையில் நின்று, இன்னொருவரை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அளவெடுக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து எடுத்த அளவு இதற்கு உதவாது.

ஸ்பிரிங் கணக்கைக் கிலோவிலும் மில்லிமீட்டரிலும் போட்டு, கடைசியில் 56-ஆல் பெருக்கினால் ஸ்பிரிங்கில் அச்சிட்டிருக்கும் பவுண்டு எண் வரும். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 75 கிலோ என்று வையுங்கள். பின் சக்கரத்தின் பங்கு 65 சதவீதம், 48.75 கிலோ. 2.62-ஆல் பெருக்கினால் ஷாக்கின் மேல் 128 கிலோ. 76 (துல்லியமாக 76.2) ஸ்ட்ரோக்கில் 30 சதவீதம் 22.9 மி.மீ. 128-ஐ 22.9-ஆல் வகுத்து 56-ஆல் பெருக்க 313 வரும். கடையில் 300 அல்லது 325 கிடைக்கும்.

இதே ஃப்ரேமில் 65 ஸ்ட்ரோக் ஷாக் போட்டால்? 30 சதவீதம் 19.5 மி.மீ. 128-ஐ 19.5-ஆல் வகுத்து 56-ஆல் பெருக்க 367. ஆக 350 அல்லது 375 ஸ்பிரிங் வேண்டும். இங்கே பலர் செய்யும் பிழை, புது ஸ்ட்ரோக்கை வைத்து லெவரேஜையும் புதிதாகக் கணக்கிடுவது. 200-ஐ 65-ஆல் வகுத்து 3.08 என்று எடுத்தால் விடை 430-க்கு மேல் போய், பலகை போல் இறுகிய சைக்கிள்தான் மிஞ்சும். லெவரேஜ் ஃப்ரேமின் குணம். ஸ்ட்ரோக் குறைந்தால் டிராவல்தான் குறையும், லெவரேஜ் மாறாது.

ஸ்பிரிங்கில் இரண்டாவதாக ஓர் எண் இருக்கும். "400×2.5" என்றால் அது 2.5 அங்குலம், 63.5 மி.மீ. வரைதான் அமுங்கும். அதை 65 ஸ்ட்ரோக் ஷாக்கில் போட்டால் ஷாக் அடியைத் தொடும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழு அடியும் ஸ்பிரிங்கை இறுக்கும் காலரின் மரையிலும் ஸ்பிரிங் தாங்கியிலும் விழுந்து, மரை உரிந்துபோகும். அச்சு அழிந்த ஸ்பிரிங் என்றால் சுருள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை வெர்னியரால் அளந்து கூட்டுங்கள். எட்டு இடைவெளி, தலா 9 மி.மீ. என்றால் 72, 65-க்குப் போதும். உள்விட்டத்தையும் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரு மி.மீ. மாறும், தளர்வாக இருந்தால் ஷாக் உடம்பை உரசித் தின்னும்.

காலரை ஸ்பிரிங் ஆடாத அளவுக்குத் திருகி, மேற்கொண்டு ஒரு சுற்று போதும். மூன்று சுற்று திருகினால்தான் ஸேக் சரியாகிறது என்றால் அந்த ஸ்பிரிங் உங்களுக்கு உரியதல்ல.

காலையில் சரியாக இருந்த ஏர் ஷாக் மதியம் கட்டையாகிறது

ஷாக்கில் குறை இல்லை, வேலூர் வெயில்தான். காலை 24 டிகிரியில் 180 பி.எஸ்.ஐ. வைத்தீர்கள். மதியம் வண்டி மேல் கட்டி வெயிலில் கொண்டுபோனதிலும், இறக்கத்தில் உழைத்ததிலும் ஷாக் உடம்பு 60 டிகிரிக்குப் போனால் உள்ளே சுமார் 204 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வரும் மாற்றம் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுதான், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஓடும் இடத்திலேயே, ஓர் இறக்கம் முடித்த சூட்டில் ஸேக்கைச் சரிபாருங்கள். சித்திரை, வைகாசியில் இது கட்டாயம். டயர் கடைக் கம்ப்ரசரை இந்த வால்வில் வைக்காதீர்கள். அத்தனை அழுத்தம் அதில் வராது, ஈரமும் எண்ணெயும் உள்ளே போகும். ஷாக் பம்ப் தனியாக வேண்டும்.

சீட்டைப் பிடித்துத் தூக்கினால் "லொடக்"

ஒருவர் சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்க, இன்னொருவர் ஷாக்கின் கண்ணும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். ஆட்டம் எங்கே என்று விரல் சொல்லிவிடும். கண்ணில் ஆட்டம் இல்லையென்றால் லிங்க் பேரிங்கைப் பாருங்கள்.

கண்ணில் ஆட்டம் இருந்தால், பழைய ஷாக்கின் புஷ் செட்டை அப்படியே புதியதற்கு மாற்றியிருப்பீர்கள். ஃப்ரேமின் காதுகளுக்கு (ஷாக்கின் கண்ணை இரு பக்கமும் பிடிக்கும் தகடுகள்) இடையே உள்ள அகலம், போல்ட் விட்டம், கண்ணிலுள்ள புஷ்ஷின் உள்விட்டம் என்று மூன்று அளவு பொருந்த வேண்டும். போல்ட் பெரும்பாலும் 8 மி.மீ., சிலவற்றில் 10. புஷ் உள்விட்டம் பரவலாக 12.7 மி.மீ. மேல் கண்ணின் அகலமும் கீழ்க் கண்ணின் அகலமும் வேறாக இருப்பது சகஜம். இரண்டையும் தனித்தனியே வெர்னியரால் அளங்கள். ட்ரன்னியன் ஷாக்குக்கு ஒரு பக்கம் கண்ணே கிடையாது. இரண்டு பக்கமும் போல்ட் நேராக ஷாக் தலைக்குள் போகும். சாதாரண காது உள்ள ஃப்ரேமில் அது உட்காராது, முயலவே வேண்டாம்.

சரியான ரெடியூசர் (கண்ணுக்கும் காதுக்கும் இடையில் உட்காரும் வளையத் துண்டு) கிடைக்காவிட்டால் கடைந்து வாங்கலாம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கமும் வேலூரிலும் நல்ல லேத் பட்டறைகள் உண்டு. வாய்வார்த்தையாக அளவு சொல்லாதீர்கள். படம் போட்டு, ஷாக்கையே கையோடு கொண்டுபோங்கள். கடைந்த துண்டு புஷ்ஷுக்குள் கட்டைவிரல் அழுத்தத்தில் இறுக்கமாக நுழைய வேண்டும். தானாக வழுக்கி விழுந்தால் அது இன்றே ஆடும். இரண்டு துண்டும் கண்ணும் சேர்ந்த மொத்த அகலம் காதின் இடைவெளியை விட 0.1 முதல் 0.2 மி.மீ. குறைவாக இருக்கட்டும். பட்டறையில் கிடக்கும் பெயர் தெரியாத அலுமினியத் துண்டு வேண்டாம், மெத்தென்று தேய்ந்துபோகும். 304 ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். கொஞ்சம் கனம் கூடும், அதனால் பாதகமில்லை.

பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து எடுக்காதீர்கள். பெஞ்ச் வைஸில் ஒரு பக்கம் புஷ்ஷை விடச் சற்றுச் சிறிய சாக்கெட், மறுபக்கம் பெரிய சாக்கெட் வைத்து மெல்ல அழுத்தினால் வெளியே வரும். புதியதை நேராக வைத்து அப்படியே உள்ளே அழுத்துங்கள். உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். வழுக்க வேண்டியதே அந்தப் பூச்சுதான். நுழையவில்லை என்று எமெரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் புஷ் அங்கேயே செத்தது. கிரீஸை அப்பி வைக்கவும் வேண்டாம். பாலாற்று மணல் போன்ற பொடியைப் பிடித்து வைத்து அரைக்கும்.

தண்டின் ஒரே பக்கம் கீறல் அல்லது பளபளப்பு, எண்ணெய்க் கசிவு

தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. சொட்டினாலோ, ஒரே பக்கத்தில் பூச்சு தேய்ந்தாலோ ஷாக் கோணலாக நிற்கிறது. அகலம் கூடிய ரெடியூசரைக் காதுக்குள் தட்டி நுழைத்திருப்பீர்கள், அல்லது காது வளைந்திருக்கும். ஒரு பக்க போல்ட்டைக் கழற்றிவிட்டு ஷாக்கை ஆட்டிப் பாருங்கள். கண் தானாகவே துளைக்கு நேரே வந்து நிற்க வேண்டும். கையால் நெம்பி நேராக்க வேண்டியிருந்தால் எத்தனை முறை சீல் மாற்றினாலும் கசியும். ஷாக்கைத் திருப்பிப் போட்டு ஆயில் டப்பாவின் பக்கத்தை மாற்றினாலும் வெறும் ஷாக் சோதனை மறுபடி தேவை.

முழு டிராவலும் வரவே இல்லை

ஓ-ரிங் (எவ்வளவு அமுங்கியது என்று காட்டும், தண்டிலுள்ள ரப்பர் வளையம்) எப்போதும் அடிக்கு முன்னே நின்றால் ஸ்பிரிங்கோ காற்றோ அதிகம். ஓ-ரிங் கடைசி வரை போயும் சக்கரம் மேலே வரவில்லை என்றால் அமுங்கிய நீளம் அதிகமான ஷாக். 250×75 உதாரணம் அதுதான். எந்தக் குமிழும் இதை மாற்றாது.

தூக்கும்போது மேலே தட்டுகிறது. பிரேக் ஹோஸ் விறைக்கிறது

ஷாக் நீளம் கூடி, லிங்க் தன் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. லிங்க் ஃப்ரேமைத் தொட்ட தடம் இருந்தால் உடனே கழற்றுங்கள். தடம் இல்லையென்றால் ஹோஸுக்கும் கியர் கேபிளுக்கும் நீளம் கொடுத்து, முழு டிராவலிலும் செயின் விறைக்கவில்லையா என்று பாருங்கள்.

பின்புறம் உதைக்கிறது, அல்லது அடுத்தடுத்த பாறையில் எழும்பாமல் அமுங்கியே கிடக்கிறது

மேலே உள்ளவை எல்லாம் சரியென்றால் மட்டும் இங்கே வாருங்கள். ஸ்பிரிங் கடினமானால் ரீபவுண்டை ஒன்றிரண்டு கிளிக் மெதுவாக்க வேண்டும். பழைய ஷாக்கின் கிளிக் எண்ணிக்கையைப் புதியதில் அப்படியே வைக்காதீர்கள், இரண்டுக்கும் உள்ளே வால்வு வேறு. முழுக்க இறுக்கியும் உதைத்தால், வேறு லெவரேஜ் உள்ள ஃப்ரேமுக்கென்று டியூன் செய்த ஷாக் உங்களிடம் வந்திருக்கிறது. சர்வீஸில் ஷிம் அடுக்கை (உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகள்) மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாட்டி முடித்தபின்

மரையில் நீல நிற திரெட் லாக்கர் ஒரு சொட்டு, ஃப்ரேம் கையேட்டில் உள்ள டார்க் (போல்ட்டை இறுக்கும் விசை) அளவு. முதல் ஓட்டம் நடைபாதை விளிம்பிலிருந்து குதிப்பது, பிறகு சிறிய இறக்கம். முதல் முழு இறக்கம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சில் பாருங்கள். புது ரெடியூசர் உட்கார்ந்ததும் சற்றுத் தளர்வது வழக்கம்.

கணக்கு ஒத்துவராதபோது காதில் புதுத் துளை போடலாம், காதை வெட்டி வெல்டிங் வைக்கலாம் என்று யோசனை சொல்லப் பட்டறைகளில் ஆள் உண்டு. 6061 அலுமினியத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் தன் பலத்தில் பெரும்பகுதியை இழக்கும். ஃப்ரேம் முழுவதையும் 530 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, குளிர்வித்து, மறுபடி பக்குவப்படுத்தினால்தான் அது மீளும். அந்த வசதி தெருவோரப் பட்டறையில் இருக்காது. அப்படிப்பட்ட ஃப்ரேமுக்குப் பழைய 241×76 ஷாக் ஒன்றைத் தேடி, தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் இல்லையா என்று பார்த்து வாங்கி, சீலும் எண்ணெயும் மாற்றிப் போடுவதே மலிவு.